வாணலியிலும் ரத்தத்திலும் ஒரே ரசாயனம்

சர்க்கரைக்காக எடுக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எச்பிஏ1சி என்று ஒரு வரி இருக்கும். அது என்ன என்று கேட்டால் "மூன்று மாதச் சராசரி" என்று பதில் வரும். தப்பில்லை. ஆனால் அந்தக் கருவி சராசரி எதையும் கணக்குப் போடுவதில்லை. ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கில் குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிறது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அந்தக் காலம் முழுக்க எவ்வளவு சர்க்கரையில் நீந்தியதோ அவ்வளவு ஒட்டியிருக்கும். என் ரிப்போர்ட்டில் 5.9 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. நோயாளி என்றும் சொல்ல முடியாது, நிம்மதியாகத் தூங்கு என்றும் சொல்ல மாட்டார்கள்.

இந்த ஒட்டுதலை உடலில் யாரும் ஏற்பாடு செய்வதில்லை. நமக்குள் நடக்கும் வேதிமாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நொதி வேண்டும், இதற்கு வேண்டாம். சர்க்கரை இருக்க வேண்டும், பக்கத்தில் புரதம் இருக்க வேண்டும், நேரம் இருக்க வேண்டும். கிளைகேஷன் என்று இதற்குப் பெயர். ரொட்டியின் மேல்தோல் பழுப்பாவதற்கும், இறைச்சியைச் சூடான கல்லில் வைத்ததும் எழும் வாசனைக்கும், பழசாகிப்போன பால் பவுடர் லேசாக நிறம் மாறுவதற்கும் இதுதான் காரணம். அப்படியென்றால், சமைக்கும்போதே சர்க்கரை ஒட்டிவிட்ட புரதத்தைச் சாப்பிட்டால் அது உள்ளே போய் என்ன செய்கிறது? அந்த 5.9-க்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? இந்தக் கேள்வியோடுதான் படிக்க ஆரம்பித்தேன்.

ரசாயனத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1912-ல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அமினோ அமிலங்களையும் சர்க்கரையையும் சேர்த்துச் சூடாக்கினார். அவருக்குச் சமையலில் அக்கறை இல்லை. உயிருக்குள் புரதம் எப்படி உருவாகிறது என்பதைத் துருவிக்கொண்டிருந்தார். கரைசல் பழுப்பாகிப் போனதைக் கண்டு எழுதிவைத்தார். அந்தப் பழுப்பாதல் இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. அதன் படிகளை ஒழுங்காக வரைந்து காட்டியது 1953-ல், அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த ஜான் ஹாட்ஜ்.

முதலில் சர்க்கரை புரதத்தைத் தளர்வாகப் பற்றுகிறது. இந்தக் கட்டத்தில் விட்டுவிடவும் முடியும். பிறகு உள்ளமைப்பு சற்று மாறி உறுதியான பிணைப்பாகிறது. அமடோரி விளைபொருள் என்று சொல்வது இதைத்தான், எச்பிஏ1சி-யும் இந்த வகைதான். அதற்கும் அப்புறம் வாரங்கள், மாதங்கள் போனால் அந்தப் பிணைப்பு உடைந்து, ஆக்சிஜனோடு வினைபுரிந்து, பக்கத்துப் புரதத்தையும் இழுத்துப் பிடித்து, திரும்பி வர வழியே இல்லாத பொருட்களாகிவிடுகிறது. இவற்றுக்கு ஏஜிஇ (கிளைகேஷனின் முற்றிய இறுதி விளைபொருட்கள்) என்று பெயர். ஒரே பொருள் இல்லை, பெரிய கூட்டம். கார்பாக்சிமெத்தில் லைசின், பென்டோசிடின், குளுக்கோசிபேன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிக் குணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் குழப்பத்தில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

வாணலியில் இதெல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஏனென்றால் சூடு 140 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது வினை வேகம் பிடிக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீரில் வேகும் பண்டம் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால்தான் வெந்த இறைச்சி வெளிறியே இருக்கிறது. உடலில் 37 டிகிரிதான், அங்கே அவசரமே இல்லை. ஆனால் நேரம் நிறைய உண்டு.

டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற மருத்துவர், நோயாளிகளின் ஹீமோகுளோபினில் மரபு வேறுபாடுகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, மின்சாரம் செலுத்திப் புரதங்களைப் பட்டை பட்டையாகப் பிரிக்கும் சோதனையில், நீரிழிவுக்காரர்களிடம் மட்டும் வழக்கத்துக்கு மாறான ஒரு பட்டையைப் பார்த்தார். இது 1968-ல். மரபுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிறகு தெரிந்தது. 1976-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆந்தனி செராமியின் குழு, ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் அந்த அளவும் இறங்குகிறது என்று காட்டியது. நோயைக் கண்டறியவே இந்த எண்ணைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் ஒப்புக்கொண்டது 2010-ல். கண்டுபிடித்ததற்கும் இதற்கும் இடையில் நாற்பத்திரண்டு வருஷம்!

எனக்கு இதில் அதிகம் பிடித்த ஆய்வு 1981-ல் வந்தது. எந்தச் சர்க்கரை ஹீமோகுளோபினோடு எவ்வளவு வேகமாக ஒட்டுகிறது என்று பன், ஹிக்கின்ஸ் என்ற இருவர் அளந்தார்கள். அதே வகையைச் சேர்ந்த சர்க்கரைகளில் குளுக்கோஸ்தான் மிக மெதுவாக ஒட்டியது, ஏனென்றால் அதன் மூலக்கூறு பெரும்பாலான நேரம் வளையமாக மூடியே கிடக்கிறது. திறந்தால்தான் ஒட்ட முடியும். உயிரினங்கள் ரத்தத்தில் ஓடும் எரிபொருளாகக் குளுக்கோஸை வைத்துக்கொண்டதற்கே இந்தச் சாதுவான குணம் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களுடைய ஊகம். நிரூபிக்க முடியாத ஊகம்தான், ஆனால் மறக்க முடியவில்லை. ஃப்ரக்டோஸ் இதைவிடப் பல மடங்கு வேகமாக ஒட்டும். நல்லவேளையாக அதன் பெரும்பகுதியைக் கல்லீரலும் குடலும் பிடித்துக்கொள்வதால் பொது ரத்த ஓட்டத்தில் அதன் அளவு குறைவு.

சரி, ஒட்டினால் என்ன கெட்டுவிடும்? சிவப்பணுவில் ஒட்டியது நாலு மாதத்தில் அந்த அணுவோடு அழிந்துபோகும். தொல்லை, பல காலம் மாற்றப்படாத புரதங்களில்தான். கண்ணின் லென்ஸில் இருக்கும் புரதங்கள் பிறந்ததிலிருந்து அப்படியே இருப்பவை. தோலின் கொலாஜன் பாதியாவது புதிதாக மாறச் சுமார் 15 ஆண்டு ஆகிறது. மூட்டுக் குருத்தெலும்பில் இருப்பதற்கு நூறாண்டுக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், அதாவது மாறவே மாறாது என்று வைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட இடங்களில் ஏஜிஇ சேர்ந்துகொண்டே போகும். கொலாஜன் இழைகளுக்குக் குறுக்கே பாலம் போட்டதுபோல் ஆகி, ரத்தக்குழாய்ச் சுவர் விறைக்கிறது. 1981-லேயே மோனியரும் செராமியும், கண் லென்ஸ் வயதாக ஆகப் பழுப்பதும் மையாரின் பழுப்பாதலும் ஒன்றாக இருக்கலாம் என்று எழுதிவிட்டார்கள்.

விறைப்போடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. செல்களின் மேற்பரப்பில் ரேஜ் என்ற ஓர் ஏற்பி இருப்பது 1992-ல் தெரியவந்தது. ஏஜிஇ வந்து அதில் பொருந்தினால் செல் அழற்சிக்கான சமிக்ஞைகளை எழுப்புகிறது. நீரிழிவில் சிறுநீரகமும் விழித்திரையும் நரம்பும் கெடுவதற்கு இது ஒரு பாதை. தனிப் பாதை என்று சொல்ல முடியாது, ஆனால் முக்கியமான பாதை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரை வைத்து நடந்த டிசிசிடி ஆய்வின் முடிவு 1993-ல் வந்தது. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகச் சிக்கல்கள் வெகுவாகக் குறைந்தன. அந்தக் கூட்டத்தில் சிலரின் தோலில் துளி எடுத்து, கொலாஜனில் எவ்வளவு கிளைகேஷன் என்று அளந்து வைத்திருந்தார்கள். அடுத்த பத்து வருஷத்தில் யாருக்குச் சிக்கல் முற்றும் என்பதை அந்த அளவு முன்கூட்டியே காட்டியது, எச்பிஏ1சி-யைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும். சிவப்பணு மறந்துவிட்ட பழைய சர்க்கரையைத் தோல் மறக்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் உடலுக்குள்ளேயே உருவாகும் ஏஜிஇ பற்றி. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இதுவும் ஏறும், அதில் யாருக்கும் சண்டை இல்லை. தட்டிலிருந்து வருவது பற்றித்தான் சண்டை.

சாப்பிட்ட ஏஜிஇ குடலைத் தாண்டுமா என்று 1997-ல் ஒரு பரிசோதனை செய்தார்கள். முட்டையின் வெள்ளைக்கருவை ஃப்ரக்டோஸ் சேர்த்துச் சமைத்து, ஏஜிஇ அதிகமாக ஏற்றி, ஒரு வேளை உணவாகக் கொடுத்தார்கள். (சுவை எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.) சாப்பிட்டதில் சுமார் 10 சதவீதம் ரத்தத்துக்கு வந்தது. சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களுக்கு அப்படி வந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவு சிறுநீரில் வெளியேறியது. நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு வெளியேறியது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆக, உள்ளே வருகிறது, பெரும்பகுதி வராமல் குடலோடு போகிறது, வந்ததை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் கையில் இருக்கிறது.

அடுத்து எந்த உணவில் எவ்வளவு என்ற கேள்வி. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் குழு 2010-ல் 549 உணவுகளுக்கான பட்டியல் ஒன்றை வெளியிட்டது. இணையத்தில் சுற்றும் "ஏஜிஇ அதிகமுள்ள உணவுகள்" படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை அதுதான். தண்ணீரில் வேகவைத்த கோழியைவிட நெருப்பில் வாட்டிய கோழியில் நாலைந்து மடங்கு. எலுமிச்சைச் சாறிலோ வினிகரிலோ ஊறவைத்துச் சுட்டால் உருவாவது பாதியாகக் குறைகிறது. ஒரே உணவைப் பல விதமாகச் சமைத்து ஒப்பிட்ட வரைக்கும் இந்தப் பட்டியல் அருமையான வேலை. அமிலம் இந்த வினையை மந்தமாக்குகிறது என்பது அடிப்படை வேதியியலோடும் ஒத்துப்போகிறது.

ஆனால் அதே பட்டியலில் வெண்ணெய்க்கு வானளாவிய எண் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது உறுத்தியது. கிளைகேஷனுக்குப் புரதம் வேண்டும், வெண்ணெயில் புரதம் எங்கே இருக்கிறது? சமையல் எண்ணெய்க்கும் அப்படியே. காரணம், அளந்த விதம். அவர்கள் ஓர் எதிர்ப்புரதத்தை வைத்து அளந்தார்கள்; கொழுப்பு மிகுந்த மாதிரிகளில் அந்த முறை தடுமாறுகிறது என்ற விமர்சனம் இருக்கிறது. அலகும் அவர்களே வைத்துக்கொண்ட 'கிலோயூனிட்', வேறு ஆய்வகத்தோடு ஒப்பிட வழியில்லை. 2016-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் குழு 190 உணவுகளை எடுத்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவியில் மூலக்கூறு மூலக்கூறாக அளந்தது. மேலே நின்றவை அதிக சூட்டில் பதப்படுத்திய கொட்டை வகைகள், தானியப் பண்டங்கள், டப்பாவில் அடைத்த இறைச்சி. அடியில் கிடந்தவை பழம், காய்கறி, அவற்றோடு வெண்ணெய், காபி.

காபியை யோசித்துப் பாருங்கள். 200 டிகிரிக்கு மேல் வறுத்த, கண்ணுக்கு எதிரே கருத்துக் கிடக்கும் பண்டம். நிறத்தை வைத்துத் தீர்ப்பு எழுதினால் முதல் குற்றவாளி அதுதான். காபி குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவு என்றுதான் மக்கள்தொகை ஆய்வுகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன, காஃபின் நீக்கிய காபியிலும்கூட. காபி காப்பாற்றுகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. பழுப்பு நிறம் தருபவை மெலனாய்டின் என்ற வேறு பெரிய மூலக்கூறுகள். நிறம் அடர்த்தி என்பதால் கார்பாக்சிமெத்தில் லைசின் அதிகம் என்று ஆகிவிடாது. வெண்ணெயைத் தவிர்த்து முறுகலான பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரை ஒன்றை நான் படித்திருக்கிறேன். ஏஜிஇ என்ற ஒரே காரணத்துக்காகச் சொன்னது என்றால் அது தலைகீழ்.

சரி, குறைத்துச் சாப்பிட்டால் பலன் உண்டா? இங்கேதான் ஆய்வுகள் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. 2010-ல் பிரான்சில் 62 பேரை ஒரு மாதம் மிதமாக ஆவியில் சமைத்ததையும், ஒரு மாதம் அதிகச் சூட்டில் சமைத்ததையும் சாப்பிடவைத்தார்கள். அதிகச் சூட்டு மாதத்தில் இன்சுலின் உணர்திறன் (இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் அளவு) குறைந்தது, கொலஸ்ட்ரால் ஏறியது. ஆனால் ரத்தத்தில் வைட்டமின் சி, ஈ, ஒமேகா-3 ஆகியவையும் சேர்ந்தே குறைந்தன. அப்படியென்றால் குற்றம் சூட்டில் சேர்ந்ததன் மேலா, சூட்டில் செத்ததன் மேலா? பிரித்துச் சொல்ல முடியாது. 2016-ல் மவுண்ட் சினாய் குழு, வளர்சிதை மாற்ற நோய்க்குறி உள்ள, உடல் பருமனான 138 பேரை ஒரு வருஷம் தொடர்ந்தது. வறுக்காமல் பொரிக்காமல் சமைக்கக் கற்றுக்கொடுத்த பிரிவில் இன்சுலின் எதிர்ப்பு குறைந்தது. ஒரு வருஷம் என்பது உணவு ஆய்வில் சாதாரண விஷயமில்லை.

இதை வைத்து முடித்துவிடலாம் என்று பார்த்தால் 2022-ல் மாஸ்ட்ரிக்ட் குழு வந்து நிற்கிறது. வயிற்றுப் பருமன் உள்ளவர்களுக்கு நாலு வாரம் ஏஜிஇ கூடிய உணவு அல்லது குறைந்த உணவு. எதைச் சாப்பிடுகிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது, அளப்பவர்களுக்கும் தெரியாது. ஏஜிஇ அளவு நவீன கருவியில் அளந்தது. இன்சுலின் உணர்திறனை அளக்கும் முறைகளில் மிக நம்பகமானதாகக் கருதப்படும் கிளாம்ப் பரிசோதனையும் செய்தார்கள். முடிவு: இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமில்லை.

நான் எந்தப் பக்கம்? நாலு வாரம் போதாது என்று வாதாடலாம்தான். கொலாஜனின் கால அளவோடு வைத்துப் பார்த்தால் நாலு வாரம் ஒன்றுமே இல்லை. ஆனால் முந்தைய ஆய்வுகளில் சிலவும் நாலே வாரத்தில்தான் பலன் காட்டின. சாதகமாக வந்தபோது காலம் போதுமென்றும் பாதகமாக வந்தபோது போதாதென்றும் சொல்வது நியாயமில்லை. என் கணிப்பு இது: பொரித்ததைக் குறைத்தவர்களுக்குக் கிடைத்த நன்மையில் ஏஜிஇ-யின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. பொன்னிறமாக, மொறுமொறுவென்று, வாசனையாக இருப்பதை நாம் அதிகம் சாப்பிடுகிறோம். மையார் வினை சுவைக்குத் தரும் பங்கு அப்படிப்பட்டது. அந்தப் பண்டங்களில் எண்ணெயும் மாவும் உப்பும் கூடவே வருகின்றன. மூலக்கூறு மட்டத்தில் குற்றவாளியைத் தேடும்போது, இரண்டாவது தடவை தட்டை நிரப்பிய கை கண்ணிலிருந்து தப்பிவிடுகிறது.

என் 5.9-க்கு வருகிறேன். சுட்ட ரொட்டியில் ஒட்டியிருக்கும் சர்க்கரை என் ஹீமோகுளோபினுக்குத் தாவாது. எச்பிஏ1சி ஏறுவதற்கு ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ்தான் காரணம், அது ரொட்டியின் மாவிலிருந்து வருகிறது, பழுப்புத் தோலிலிருந்து இல்லை. உணவிலிருக்கும் ஏஜிஇ ஏதாவது செய்கிறது என்றால், அழற்சி வழியாக, இன்சுலின் வேலையைக் கெடுத்து, சுற்றி வளைத்துத்தான் அந்த எண்ணைத் தொட முடியும். இன்னொன்றும் இருக்கிறது: இரும்புச்சத்துக் குறைவாக இருந்தால் எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டலாம், சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய் இருந்தால் குறைவாகக் காட்டலாம். எண் சந்தேகமாக இருந்தால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

சமையலில் நான் செய்த மாற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. இறைச்சியை முதலில் தண்ணீரிலோ ஆவியிலோ வேகவிட்டு, கடைசியில் கொஞ்ச நேரம் மட்டும் நிறம் வரும்படி வாட்டுகிறேன். சுடுவதாக இருந்தால் முன்னாலேயே எலுமிச்சைச் சாறில் ஊறப்போடுகிறேன். செலவில்லை, ருசியும் கூடுகிறது. கருகியதை வெட்டி எறிகிறேன், அது ஏஜிஇ-க்காக இல்லை, கருகலில் வேறு வேண்டாத பொருட்களும் உண்டு என்பதற்காக. காபியை விடவில்லை. அளவைக் கவனிப்பது மாவுக்கும் இனிப்புக்கும்தான். உள்ளே நடக்கும் சமையலுக்கு மூலப்பொருள் அதுதானே. புகைபிடிப்பவர்கள் இந்தப் பட்டியலில் எதையும் படிக்கும் முன் அதை நிறுத்தலாம். புகையிலைப் புகையிலேயே கிளைகேஷனைத் தூண்டும் பொருட்கள் இருப்பது 1997-லேயே காட்டப்பட்டுவிட்டது.

மாத்திரை கிடையாதா என்று கேட்பீர்கள். முயன்றார்கள். அமினோகுவானிடின் என்ற மருந்து நீரிழிவு எலிகளின் ரத்தக்குழாய்ச் சுவரில் இந்தக் குறுக்குப் பிணைப்பைத் தடுத்தது, 1986-ல். மனிதர்களிடம் பக்கவிளைவு காரணமாகக் கரை சேரவில்லை. ஏற்கெனவே உண்டான பிணைப்பை உடைக்கும் என்று நம்பிய அலகேப்ரியமும் சந்தைக்கு வரவில்லை. இவ்வளவு பணம் கொட்டி மருந்து நிறுவனங்களால் முடியாததை, 'ஆன்ட்டி கிளைகேஷன்' என்று லேபிள் ஒட்டிய சப்ளிமெண்ட் டப்பா செய்துவிடும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் சாவகாசமாக விவாதிக்க முடிவது சிறுநீரகம் ஒழுங்காக இருப்பவர்களுக்குத்தான். அது பழுதானவர்களுக்கு உடலுக்குள் உருவானதும் வெளியேறாது, சாப்பிட்டதும் வெளியேறாது, இரண்டும் ரத்தத்தில் தேங்கும். சமைக்கும் முறையை மாற்றுவதால் யாருக்காவது உறுதியாக லாபம் இருக்குமென்றால் அவர்களுக்கு இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் அவர்களுக்குப் புரத அளவு, பொட்டாசியம், பாஸ்பரஸ் என்று ஏற்கெனவே ஆயிரம் கட்டுப்பாடுகள் இருக்கும். அதனால் என்னைப்போல் இணையத்தில் படித்துவிட்டுத் தானே மெனுவை மாற்றாமல், டயாலிசிஸ் பிரிவில் இருக்கும் டயட்டீஷியனிடம் "வறுப்பதற்குப் பதில் வேகவைத்தால் எதை எவ்வளவு சாப்பிடலாம்?" என்று நேராகவே கேட்டுவிடலாம்.